பூஜ்யத்துக்குக் கீழே முப்பது

ரட்கின் இழுப்பறையை இரண்டாவது முறை அறைந்து மூடியபோதுதான் எங்கள் மெக்கானிக் மேர்டோ கத்தினான். முதல் முறை என்ன நடந்தது என்று அவனுக்கே புரியவில்லை என்று நினைக்கிறேன். கருவிப் பெட்டியின் இரும்பு இழுப்பறை அது. உள்ளே ஸ்பேனர்கள். ஸ்பேனர்களுக்கு நடுவில் அவன் வலது கை. ரட்கின் முழங்காலை முட்டுக்கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் இரண்டடி தள்ளி, என் மேசைக்கு அடியில், லேப்டாப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாருடா பிரேக்கைத் தொட்டது? என் பையன் கார்ல பிரேக்கைத் தொட்டவன் யாரு? சொல்லுடா!"

மேர்டோ என்னைப் பார்த்தான். ரட்கினின் கைக்குக் கீழே, மேசைக்கால்களுக்கு நடுவில், நேராக என் கண்ணை. ஒரு வினாடி இருக்கும்.

"நான்தான்," என்றான். "நான் மட்டும்தான்."

ரட்கின் அவன் முடியைப் பிடித்து முகத்தைப் பெட்டியின் விளிம்பில் மோதினார். மறுபடியும் மோதினார். ஒரு பல் தெறித்து என் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நான் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. வாயைத் திறக்கவில்லை.

பியர்ஸ் ஓடிவந்து பின்னாலிருந்து ரட்கினின் கழுத்தைப் பிடித்தார். பியர்ஸ்தான் எங்கள் டீமின் தலைமை இன்ஜினியர், மெலிந்த மனிதர். ரட்கின் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழில் செய்கிறவர், இருபது வருடம் தானே இரும்புக் குழாய் தூக்கியவர். பியர்ஸை ஒரே உதறலில் டயர் அடுக்கின் மேல் எறிந்தார். பக்கத்து டீமிலிருந்து நான்கு பேர் வந்துதான் அவரைத் தரையில் போட்டு அமுக்க முடிந்தது. அமுக்கின பிறகும் கன்னம் தரையில் தேய, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அவன் கால் போச்சுன்னா உங்க ஒருத்தனுக்கும் கை இருக்காது. இதப் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியணும். ஆம்பளையோ பொம்பளையோ, உடைப்பேன். ரெண்டு கையையும் உடைப்பேன்."

இது இன்று மதியம் மூன்று மணிக்கு நடந்தது. இப்போது இரவு ஒன்றரை. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில், குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, காலித் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ரட்கினை போலீஸ் கூட்டிப்போனது. மகன் ஆபரேஷனில் இருக்கிறான் என்று சாயங்காலமே விட்டுவிட்டது. அவரும் இதே விடுதியில்தான் அறை எடுத்திருந்தார். அவருடைய கறுப்பு வண்டி கீழே நிற்கிறது. ஜன்னல் வழியே ஏழு முறை பார்த்துவிட்டேன்.

நான் டாம்சின். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் வருடம், வாரக் கடைசிகளில் இந்த ரேஸ் டீமில் டேட்டா இன்ஜினியர். உதவி இன்ஜினியரும் நான்தான், அதாவது டயர்க் காற்றின் அளவை எழுதி வைப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, பியர்ஸுக்கு டீ எடுத்து வருவது. காரில் நாற்பது சென்சார்கள் இருக்கின்றன. ஓட்டுநர் எவ்வளவு திருப்பினான், எவ்வளவு அழுத்தினான், காரின் வேகம் எவ்வளவு குறைந்தது, எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் பதிவாகும். கார் உள்ளே வந்ததும் நான் கேபிளைச் செருகி அதை இறக்கி, கிராஃப் போட்டுக் காட்டுவேன். ஓட்டுநர் பொய் சொல்லலாம், கிராஃப் சொல்லாது என்று பியர்ஸ் எல்லாரிடமும் பெருமையடிப்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு நாள் காலையிலும் என் முதல் வேலை, சென்சார்களுக்குப் பூஜ்யம் வைப்பது. தராசில் எதையும் வைக்காமல் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவது போலத்தான். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், பெடலை யாரும் மிதித்திருக்கக் கூடாது. அந்த நிலையில் லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் இதுதான் பூஜ்யம் என்று கார் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரேக் எண்ணெயை மாற்றின இரவு, உள்ளே மிச்சமிருக்கும் காற்றுக் குமிழ்கள் ஏறி வெளியே போவதற்காக, மெக்கானிக்குகள் பிரேக் பெடலை அழுத்தி, அது அப்படியே நிற்க சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் எடுத்துவிடுவார்கள். அதனால் பூஜ்யம் வைப்பதற்கு முன் நான் "பெடல் ஃப்ரீயா?" என்று கத்த வேண்டும். மெக்கானிக் உள்ளே கைவிட்டுப் பார்த்து "ஃப்ரீ!" என்று பதில் கத்த வேண்டும். எல்லா டீமிலும் இதுதான் வழக்கம்.

நான் கத்தினால் மேர்டோவுக்குக் கொண்டாட்டம். ஸ்காட்லாந்துக்காரன், முப்பத்து நான்கு வயது, வாய் சும்மா இருக்காது.

"டேட்டா பாப்பா கூவிருச்சு, எல்லாரும் எந்திரிங்கப்பா!" என்பான். "மெதுவா கேளு பாப்பா, காருக்குக் காது கேக்கும்."

இன்று காலை மழை. நான் பத்து நிமிடம் தாமதம். கூடாரத்துக்குள் யாருமில்லை. மேர்டோ சாப்பாட்டு வண்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தது தூரத்தில் தெரிந்தது. அவன் வரும்வரை காத்திருந்தால் பியர்ஸ் கேட்பார். அவ்வளவு தூரம் கத்தினால் பக்கத்து டீம்காரர்கள் சிரிப்பார்கள். இரண்டாவது காரின் ஸ்டியரிங் நேராக இருந்தது, அதைப் பார்த்தேன். குனிந்து உள்ளே பெடலைப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினேன். திரையில் எல்லாம் பூஜ்யம் என்று பச்சையாக வந்தது.

நான் கேபிளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேர்டோ பன்றி இறைச்சி வைத்த பன்னைக் கடித்துக்கொண்டே வந்தான். இடது கையைக் காருக்குள் விட்டுக் கட்டையை உருவினான்.

அந்த இடத்தைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானா? என் லேப்டாப்பைப் பார்த்தானா? மென்றுகொண்டிருந்தான். ஏதோ பாட்டைச் சீட்டியடித்தான். கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு கடி வேணுமா பாப்பா?" என்று கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கட்டை எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதல் பயிற்சி முடிந்து வந்ததுமே எல்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரில் எறிந்தான். எல்லிஸ்தான் ரட்கினின் மகன், எங்கள் இரண்டாவது காரின் ஓட்டுநர், பதினெட்டு வயது. மூன்று வாரம் முன்பு ஒரு பந்தயத்தில் கார் கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கியவன். அதிலிருந்து பயந்துவிட்டான் என்று எல்லாரும் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"பிரேக் பிடிக்கல! கல்லு மாதிரி இருக்கு பெடல். ஏறி நின்னாலும் கார் நிக்க மாட்டேங்குது!"

நான் கிராஃபைப் போட்டேன். எங்கள் முதல் கார் நீலக் கோடு, பிரேக் அழுத்தம் எண்பது. எல்லிஸ் சிவப்புக் கோடு, ஐம்பது. அது மட்டுமில்லை. நீலக் கோடு வளைவுக்கு முன்னால் சுவர் போலச் செங்குத்தாக ஏறியது. சிவப்புக் கோடு கொஞ்சம் தாமதமாகத்தான் தரையிலிருந்து கிளம்பியது, சீக்கிரமே தரைக்கு வந்துவிட்டது. தயங்கித் தயங்கிக் காலை வைத்து, அவசரமாக எடுத்துவிடுகிறவனின் கோடு மாதிரி.

பியர்ஸ் திரையில் விரலால் தட்டினார். "இந்தா பாரு. ஏறி நின்னியா? இதுவா ஏறி நிக்கிறது? என் அம்மா கூட இதவிட நல்லா மிதிப்பாங்க."

"நான் மிதிச்சேன் பியர்ஸ்! தொடை நடுங்குது, பாருங்க!"

"நடுங்கும். பயந்தா நடுங்கத்தான் செய்யும்."

எல்லிஸ் அவர் சட்டையைப் பிடித்தான். மேர்டோ நடுவில் புகுந்து விலக்க, எல்லிஸின் முழங்கை அவன் தாடையில் பட்டது. அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"வீலைக் கழட்டி பிரேக் பேடை ஒரு தரம் பாத்துருவோமே பியர்ஸ். அரை மணி நேர வேலை."

"எதுக்கு? அழுத்தம் ஐம்பது, காரோட வேகம் குறையுறதும் ஐம்பதுக்கு ஏத்த மாதிரி இருக்கு. பிரேக் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. காலுதான் வேலை செய்யல. டாம்சின், சரிதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெருமையோடு, "ஆமா, சரியா இருக்கு," என்றேன்.

பந்தயத்துக்கு முன்னால் மேர்டோ இன்னொரு முறை கேட்டான். டயரை மாட்டிக்கொண்டே, யாரிடம் என்று சொல்ல முடியாதபடி கேட்டான். "நம்பர் தப்பாவும் இருக்கலாம்ல?"

"உன் வாய்தான் தப்பு. வேலையப் பாரு," என்றார் பியர்ஸ்.

மேர்டோ டயரை இறுக்கினான். ரட்கின் மகனின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை அதன் மேல் வைத்து, "கோழை மாதிரி ஓட்டாதடா. நான் பாத்துட்டு இருக்கேன்," என்றார். எல்லிஸ் தலையாட்டினான். கண்ணாடி மூடியிருந்தது, முகம் தெரியவில்லை.

நான்காவது சுற்று. நேர்பாதையின் முடிவில், மணிக்கு நூற்று முப்பது மைலில், ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"நிக்கல! நிக்கல!"

"அழுத்துடா!" என்று கத்தினார் பியர்ஸ். "அழுத்து!"

கார் வளைவில் திரும்பவே இல்லை. சரளைக்கல்லைத் தாண்டி, டயர்ச் சுவரில் மூக்கோடு புகுந்தது. சத்தம் எங்களுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது, யாரோ பெரிய இரும்புக் கதவை உதைத்தது போல. மேலே பறந்த டயர்கள் கீழே வருவதற்குள் பின்னால் வந்த இன்னொரு கார் சரளையில் வழுக்கி அதன் பக்கவாட்டில் இடித்தது. முன்பாதி இல்லை. எல்லிஸின் முழங்காலுக்குக் கீழே கார் இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. ரேடியோ இன்னும் திறந்திருந்தது. அவன் அலறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்பா, நான் மிதிச்சேன். அப்பா, மிதிச்சேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரட்கின் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார். அவரும் கேட்டார்.

காரை வெட்டி அவனை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பந்தய அதிகாரி ஒருவர் மிச்சமிருந்த காரைச் சோதித்தார். சக்கரத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேடை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். சூட்டில் வெந்து, மேல்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தது. அப்படி ஆகிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும், பிடிக்காது. வந்த சரக்கே மட்டமாக இருந்திருக்கலாம், யார் தப்பும் இல்லாமல் இருக்கலாம் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் ரட்கின் எங்கள் கூடாரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

இழுப்பறை அதற்குப் பிறகு நடந்தது.

ஆம்புலன்ஸ் மேர்டோவை ஏற்றிப் போன பின், தரையில் ரத்தத்தின் மேல் யாரோ மரத்தூளைக் கொட்டினார்கள். நான் டிரக்குக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது. கார் வெளியே கிளம்புவதற்கு முன், சும்மா நின்றுகொண்டிருந்த நேரத்தைப் பார்த்தேன். எல்லிஸின் கால் பெடலிலேயே இல்லாத நேரம். பிரேக் கோடு பூஜ்யத்தில் படுத்திருந்தது. சரியாகத்தான் இருந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. என் கிராஃபுகள் அழகாக இருக்க வேண்டும் என்று, போன மாதம் நான்தான் அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தி வைத்தேன். அதற்குக் கீழே எது இருந்தாலும் திரையில் வராது. அடிக்கோட்டைக் கீழே இழுத்தேன். சிவப்புக் கோடு கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே முப்பதில் நின்றது.

கட்டை முட்டுக்கொடுத்திருந்தபோது, முப்பது அழுத்தம் இருந்த பெடலை நான் பூஜ்யம் என்று காருக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு எண்ணிலும் முப்பது குறைவு. எல்லிஸ் ஐம்பது மிதிக்கவில்லை. எண்பது மிதித்தான். கடைசிச் சுற்றில் நூற்றுப் பத்து. யாரும் அவ்வளவு மிதித்து நான் பார்த்ததில்லை. எண்பது மிதித்தும் காரின் வேகம் ஐம்பதுக்கு ஏற்ற அளவுதான் குறைகிறது என்று கிராஃப் காட்டியிருந்தால், பியர்ஸே வீலைக் கழற்றச் சொல்லியிருப்பார். அரை மணி நேர வேலை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். பிறகு பியர்ஸிடம் போனேன். டயர் அடுக்கில் விழுந்ததில் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. திரையைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் மேல்சட்டைக் காலரைப் பிடித்து, டிரக்கின் சுவரோடு வைத்து அழுத்தினார். மூச்சு முட்டியது.

"இத வேற யார்கிட்ட காட்டின?"

"யார்கிட்டயும் இல்ல."

"காட்டாத. மேர்டோ போலீஸ்கிட்ட எல்லாம் தன் பொறுப்புன்னு சொல்லிட்டான். ஆம்புலன்ஸ்ல வெச்சே சொல்லிட்டான். முடிஞ்சுது. நீ இப்ப வாயைத் திறந்தா என்ன ஆகும் தெரியுமா? அந்த ஆளு உன் கையையும் அந்தப் பெட்டிக்குள்ள விடுவான். அடுத்தது என் கை."

"ஆனா மேர்டோ ஒண்ணுமே பண்ணலியே. ரெண்டு தரம் கேட்டான், கழட்டிப் பாக்கலாம்னு."

"கேட்டான்ல?" பியர்ஸ் காலரை விட்டார். என் சட்டையை அவரே நேராக்கிவிட்டார், அதுதான் அதிகம் பயமாக இருந்தது. "ஏன் கேட்டான்? ரெண்டாவது தரம் நம்பர் தப்பா இருக்கலாம்னு சொன்னானே, ஏன் சொன்னான்? யோசிச்சுப் பாரு. படுத்துத் தூங்கு."

தூங்கவில்லை. பந்தய அதிகாரிகள் மின்னஞ்சலில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். காரைத் தொட்ட ஒவ்வொருவரும் காலை எட்டு மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எல்லிஸின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம், பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. மேர்டோவின் கையில் மூன்று விரல்கள் இனி மடங்காதாம். ஸ்பேனர் பிடிக்கிற கை. எல்லிஸின் காலுக்கு அவன்தான் காரணம் என்று அந்தக் காகிதங்கள் சொன்னால் அவனுக்கு வழக்கு, ஒருவேளை சிறை. நான் எழுதினால் அது அவனிடமிருந்து விலகி என்னிடம் வரும். கீழே அந்தக் கறுப்பு வண்டியும் இருக்கிறது.

எழுதிவிட்டேன். ஒரு மணி நேரமாக எழுதி அழித்து எழுதியது இது: "காலை எட்டு பத்துக்கு, பிரேக் பெடலில் கட்டை இருந்தபோது நான் பூஜ்யம் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. அதனால் நாள் முழுக்க அழுத்தம் முப்பது குறைவாகத் தெரிந்தது. எல்லிஸ் ரட்கின் சரியாகத்தான் மிதித்தான்." இதை எழுதியபோது முதல் முறையாக அழுகை வந்தது. மேர்டோவைக் காப்பாற்றிவிட்டேன் என்றும் தோன்றியது.

படிவத்தில் அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. மேர்டோவுக்குத் தெரியாது என்று எழுத விரலை வைத்தால், மேசைக்கு அடியில் என்னைப் பார்த்த அந்த ஒரு வினாடி வருகிறது. காலையிலேயே அவன் என் தவறைக் கண்டுபிடித்திருந்தால், ஒரு சின்னப் பெண் திட்டு வாங்க வேண்டாம் என்று சும்மா இருந்திருந்தால், வீலைக் கழற்றினால் போதும் என்று நினைத்திருந்தால், தெரிந்தேதான் எல்லிஸை அந்தக் காரில் அனுப்பினான் என்று ஆகும். ஒன்றும் தெரியாமல், வெறும் வலியில்தான் என் பக்கம் திரும்பினான் என்றும் இருக்கலாம். அவனைக் கேட்கலாம். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. பேச முடிந்தாலும் அவன் எனக்கு உண்மையைச் சொல்ல மாட்டான்.

தாழ்வாரத்தில் யாரோ நடக்கிறார்கள். கனமான காலடி. என் கதவைத் தாண்டிப் போய்விட்டது.

கட்டத்தின் மேல் இருப்பது இவ்வளவுதான்: நீங்கள் குறிப்பிட்ட தவறு, கார் பந்தயத்துக்குக் கிளம்புவதற்கு முன் வேறு யாருக்காவது தெரிந்திருந்ததா?